பயமே இல்லாத ஹீரோ நமக்கு எதற்கு?

மிலாறுக்கட்டு (ஞாயிறு, காலை 8.40)

மூன்று நாளாக விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை என்று பாடசாலையை மூடிவிட்டார்கள். மகனைச் சமாளிக்க வழி தெரியாமல் அட்டாலியில் கிடந்த பழைய முத்து காமிக்ஸ் கட்டை இறக்கினேன். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் இரும்புக்கை மாயாவி தப்பிப் பிழைத்திருந்தார். அவன் வயதில் சோறு தண்ணி மறந்து நான் வாசித்த புத்தகம். பையன் இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்துப் பக்கம் புரட்டினான். பிறகு கேட்டான்: "அப்பா, இவர்தான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாரே, இவருக்கு எதற்குத் தைரியம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு முழுக்க அதே யோசனை. சாகச வீரர்கள் என்று நாம் கொண்டாடிய ஆட்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே விழுந்துவிடும் ஆபத்து இருந்தது? டெக்ஸ் வில்லரை எடுங்கள். 1948 இல் இத்தாலியக் காமிக்ஸில் பிறந்த கௌபாய் நாயகர், இன்னும் குதிரையை விட்டு இறங்கவில்லை. இரவுக் கழுகார் என்று பேர் வாங்கிய அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் மலை விளிம்பில் தொங்கிய எந்தக் கட்டத்திலும் என் உள்ளங்கை வேர்த்ததில்லை.

என் கட்சி இதுதான்: விழுந்துவிடுவோமோ என்று வயிறு கலங்கியவன் செய்தால்தான் அது துணிச்சல். மற்றதெல்லாம் வித்தை. காமிக்ஸ், கேம், நாவல், டிவி எதிலிருந்து வேண்டுமானாலும் ஆளைக் கொண்டு வாருங்கள். அடித்துப் பேசலாம், மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.

சிங்கமலைச் சுரங்கம் (காலை 9.15)

அண்ணே, மாயாவியை இப்படி நடு ரோட்டில் விடலாமா? 1962 இல் லண்டனில் 'வேலியண்ட்' வார இதழில் அவர் முதலில் வந்தபோது ஹீரோவே இல்லை. மாயாவியின் சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டல், ஓர் ஆய்வுகூட உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், கை மறையாது. தன்னால் மறைய முடியும் என்று தெரிந்ததும் மனிதர் என்ன செய்தார்? திருடப் போனார். அப்புறம்தான் திருந்தி நிழல்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்தார். 1972 இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்ததும் அந்தத் திருட்டுக் கதைதான்.

மகனுக்குப் பதில் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். மின்சாரத்தின் வேகம் குறைந்தால் அவர் திரும்பவும் கண்ணுக்குத் தெரிவார். எதிரியின் அறைக்குள் நிற்கும்போது தெரிவார். அதுவும் போக, காற்றில் தனியாக ஒரு கை மிதந்து போகிறதே, அதைச் சுட முடியாதா? பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் அந்தக் கையை வரைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், விரல்களிலேயே பதற்றம் தெரியும்.

கரண்ட் இல்லாவிட்டால் அவர் வெறும் ஒற்றைக்கை மனிதர். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது அவர் நம் பக்கம் இருந்திருந்தால் குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க நமக்குப் பின்னால் வரிசையில் நின்றிருப்பார்.

மிலாறுக்கட்டு (காலை 9.31)

மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் ஸ்விட்ச் போர்டுதான் ஹீரோ" என்கிறான்.

ஹப்புத்தளை மூடுபனி (காலை 11.02)

காமிக்ஸ்காரர்கள் பேசி முடித்துவிட்டீர்களா? கேமைப் பற்றி யாராவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேமில் செத்தால் திரும்பவும் எழும்பலாம், அதனால் அங்கே துணிச்சல் கிடையாது என்று சொல்லப் போகிறீர்கள். அதனால் முன்கூட்டியே 1989 க்குப் போகிறேன். பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா. எங்கள் ஊர்க் கணினிக் கடையில் அண்ணன் டியூஷன் காசில் விளையாடுவான், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடச் சொல்லி, தாவச் சொல்லி, சுவரைப் பிடித்து ஏறச் சொல்லி வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாகப் பார்த்துத்தான் இளவரசனை வரைந்தார். வாள் சண்டைக்கு 1938 ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் பையனுக்கு உடம்பில் பாரம் இருந்தது. ஓடுகிறவன் உடனே நிற்க மாட்டான், ஓர் அடி சறுக்கித்தான் நிற்பான். அந்த ஓர் அடியில் குழிக்குள் போய்விடுவான், கீழே முட்கள். மொத்தமே 60 நிமிடம். அண்ணன் ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வான். வேர்வை. பயப்பட வேண்டியது திரைக்குள் இருக்கும் ஆளா, விசைப்பலகையில் கை வைத்திருக்கிறவனா என்று கேட்டால் நான் பின்னவனைத்தான் சொல்வேன்.

அடுத்தது 2009 இல் வந்த அன்சார்டட் இரண்டாம் பாகம். நேதன் டிரேக் ரயில் பெட்டியில் கண் விழிக்கிறான், வயிற்றில் இரத்தம். பிறகுதான் தெரிகிறது, பெட்டி பனிமலை விளிம்பிலிருந்து செங்குத்தாகத் தொங்குகிறது. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து மேலே ஏற வேண்டும். பட்டிப்பொலவிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் ஜன்னலோரமாக வந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. டிரேக் ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், 'ஐயோ ஐயோ' என்கிற மாதிரி. அண்ணே, உங்கள் கட்சிக்கு இவனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. அசாசின்ஸ் கிரீட் விளையாடியவர்களுக்குத் தெரியும், கோபுர உச்சியிலிருந்து கையை விரித்துக்கொண்டு வைக்கோல் வண்டிக்குள் குதிப்பார்கள், ஒரு கீறலும் இருக்காது. எனக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் கல் கட்டு, அதன் கீழே மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை, குவித்திருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் மெத்தை மாதிரி இருந்தது. கையை விரித்துக் குதித்தேன். தொடையில் பதினொரு தையல். ஆஸ்பத்திரியில் தைத்தவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், "மேலேயிருந்து யாராவது தள்ளிவிட்டார்களா?" என்று கேட்டார்.

மிலாறுக்கட்டு (காலை 11.10)

தம்பி, என் பெயர் இவ்வளவு ஆபத்தானது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கண்டிக்காரி (பகல் 12.48)

சமைத்துக்கொண்டே வாசித்தேன், பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நாவல் பக்கம் யாரும் வரவில்லை. 1950 இல் கல்கியில் தொடராக ஆரம்பித்த பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனைத்தான் எல்லோரும் சாகசக்காரன் என்று சொல்வார்கள். சரி. ஆனால் அவன் கதை முழுக்க என்ன செய்கிறான் என்று கணக்குப் பாருங்கள். ஒட்டுக் கேட்கிறான், பொய் சொல்கிறான், ஒளிகிறான், ஓடுகிறான், மாட்டிக்கொள்கிறான். வாளை எடுப்பதற்கு முன்னால் வாயை எடுப்பான். தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்தது வீரத்தாலா? நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தால். அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.

அவனைவிடத் துணிச்சலான ஆள் அதே புத்தகத்தில் படகு வலித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பாகத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? கோடிக்கரையில் இவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். அவளுக்குத் தரை தெரியும், இவனுக்குத் தெரியாது. சேற்றுப் பள்ளத்தில் புதைகிறான். வல்லத்து இளவரசன், வாணர் குலத்து வீரன், அத்தனை பட்டமும் சேற்றுக்குள் போகிறது. தூக்கிவிட்டது அவள்தான். அதற்குப் பிறகு அவனைப் படகில் ஏற்றி ராத்திரிக் கடலில் நம் இலங்கைப் பக்கம் கொண்டுவந்து விடுகிறாள். இவன் பேசிக்கொண்டு வருகிறான், அவள் துடுப்புப் போடுகிறாள். படகு யாருடையது, கை யாருக்கு வலிக்கும் என்று யோசித்தால் சாகசம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

லயன் காமிக்ஸ்காரர்களுக்கும் ஒரு கேள்வி. 1984 இல் உங்கள் லயனைத் தொடங்கி வைத்ததே மாடஸ்டி பிளைசி என்ற பெண். இந்த இழையில் இதுவரைக்கும் அவள் பெயரைக் காணோமே?

சிங்கமலைச் சுரங்கம் (பகல் 12.55)

அக்கா, தப்புத்தான். மாடஸ்டியை மறந்தது குற்றம். பருப்புக்கும் மன்னிப்பு.

பொடிமெனிக்கே (மாலை 3.20)

கேட்டது காமிக்ஸ், கேம், நாவல், டிவி. நான் சினிமாவைச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அது நம் வீட்டு வாசலில் நடந்தது.

இந்தியானா ஜோன்ஸின் இரண்டாவது படம், 1984. கதை நடப்பது இந்தியாவில். அங்கே அனுமதி சரிவரவில்லை, கண்டிக்கு வந்துவிட்டார்கள். அந்த வறண்டு போன கிராமத்தை ஹந்தானையில் போட்டார்கள். கிராமத்துப் பூசாரியாக வருகிறவர் நம் சிங்களப் படங்களில் வந்த டி. ஆர். நாணயக்கார. ஆங்கில வசனத்தை இயக்குநர் கமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் கேட்டுத் திருப்பிச் சொன்னார். அந்தத் தயக்கம்தான் திரையில் பூசாரியின் கம்பீரமாகிவிட்டது.

கயிற்றுப் பாலம் தெரியுமா? அதை விக்டோரியா அணைக்கட்டுப் பக்கத்தில் போட்டார்கள். அப்போது அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களே பாலத்தையும் கட்டிக் கொடுத்தார்கள். பார்க்கக் கயிறு மாதிரி இருக்கும், உள்ளே இரும்புக் கம்பி வடம். அறுந்து விழும் காட்சியை ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். அதனால் பல கமராக்களை வைத்து, வெடி வைத்து அறுத்தார்கள். விழுகிற ஆட்கள் பொம்மைகள். கை கால் உதறுவதற்கு உள்ளே பொறி வைத்திருந்தார்கள்.

இப்போது மிலாறுக்கட்டு அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாலத்தில் யார் துணிச்சல்காரர்? ஸ்பீல்பெர்க்குக்கு உயரம் என்றால் பயம். அவர் பாலத்தைக் கடக்கவே மாட்டார், அக்கரைக்குக் காரில் சுற்றித்தான் போவார். ஹாரிசன் ஃபோர்டுக்கு முதுகு பிடித்து அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்குப் போய்விட்டார். வாரக்கணக்கில் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு அடிபட்டவர் விக் ஆம்ஸ்ட்ராங் என்ற டூப். எண்பதுகளில் 'தி ஃபோல் கை' என்று ஒரு தொலைக்காட்சித் தொடரே வந்தது, ஹீரோவே ஒரு டூப். மற்றவன் பேருக்கு விழுந்து எழும்புவதுதான் வேலை. எனக்குத் தெரிந்து இந்தத் தலைப்புக்கு மிக நேர்மையான தொடர் அதுதான்.

(எல்ல ரயிலில் கதவைப் பிடித்து வெளியே தொங்கிப் படம் எடுக்கிறவர்களே, உங்களுக்கு டூப் கிடையாது. தினமும் அந்த ரயிலில் போகிறவனின் வயிற்றெரிச்சல் இது.)

தேயிலைப்பூ (மாலை 3.44)

எல்லாம் சரி நண்பர்களே. காமிக்ஸ் ஹீரோ, கேம் ஹீரோ எல்லாம் பொய். அட்டைக் கடியிலும் பனியிலும் மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார்தான் உண்மையான சாகச வீரர்கள்.

ஹப்புத்தளை மூடுபனி (மாலை 3.50)

வந்துவிட்டது. மூன்று மணிக்குள் யாராவது இதைச் சொல்வார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் தாமதம்.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டேன். "ஹீரோவா? குளவி கலைந்தால் கூடையையும் படங்கையும் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடுகிறவள் நான்" என்கிறார். போன வருடம் ஓடியபோது செருப்பு ஒன்று வடிகானுக்குள் போனதாம், அது இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய கவலை. வீரர் பட்டம் வேண்டாம், நாட்சம்பளத்தைப் பற்றி எழுது என்றும் சொல்லச் சொன்னார்.

பெரட்டுக்களம் (மாலை 5.05)

பிள்ளைகளே, நான் கேம் பார்த்ததில்லை, காமிக்ஸ் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். வயதானவன் சொல்வதையும் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று மூன்று கூத்தும் நடந்தன. எனக்குத் தபசுதான். பாசுபத அஸ்திரம் கேட்டு அருச்சுனன் தவம் செய்யப் போகிறான். அதற்கு உயரமான மரத்தை நட்டு, படி கட்டி, உச்சியில் உட்காரத் தட்டு வைப்பார்கள். ஒரு படிக்கு ஒரு பாட்டு. பாடி முடித்தால்தான் அடுத்த படியில் கால் வைக்கலாம். கீழே உடுக்கு.

அருச்சுனன் வேஷம் கட்டினவர் எனக்கு மாமா முறை. பகலில் கவ்வாத்து வெட்டுகிற மனிதர். ஒரு வருடம் சாமத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. மரம் நனைந்துவிட்டது. பாதிக்கு மேல் போனபோது அவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். இரண்டு தரம், மூன்று தரம். சனம் பக்திப் பரவசம் என்று நினைத்துக் கும்பிட்டது. நான் நேர் கீழே நின்றேன். வலது கால் படியைத் தேடி வழுக்கிக்கொண்டே இருந்தது, பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். கால் பிடித்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போனார். உடுக்கு அடித்தவரும் அதைப் பார்த்துவிட்டார், அவரும் அதே தாளத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். இறங்கின பிறகு மாமா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தார். அடுத்த வருடமும் அவர்தான் ஏறினார்.

மிலாறுக்கட்டு (மாலை 5.12)

ஐயா, இந்த இழையை நான் தொடங்கியதே இதைக் கேட்கத்தான் என்று தோன்றுகிறது.

வெண்பிரம்பு (இரவு 7.30)

நான் இதையெல்லாம் போனில் திரைவாசிப்பானை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் எனக்குப் பார்வை போனது. டேர்டெவில் பேச்சு வந்தால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன் (நான் எப்படிக் கண்டேன்). இன்றைக்கு யாரும் அவன் பெயரையே எடுக்கவில்லை, அதனால் நானே எடுக்கிறேன்.

1964 இல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் உருவாக்கிய ஆள். மாட் மர்டொக். பகலில் வழக்கறிஞர், இரவில் கூரை கூரையாகத் தாவுகிறவன். சிறு வயதில் லொறி மோதப் போன ஒருவரைக் காப்பாற்றப் போய், கதிரியக்கப் பொருள் பட்டுக் கண் போனது. மற்றப் புலன்கள் கூர்மையாகிவிட்டன. அதற்கு மேல் ராடார் மாதிரி ஒன்று. 'பயமறியா மனிதன்' என்று அட்டையிலேயே போடுவார்கள்.

எனக்கு இரண்டு குறை. ஒன்று, ராடார் வைத்திருப்பவன் எங்களில் ஒருவன் இல்லை, அவன் வேறு விதமாகப் பார்க்கிறவன். இரண்டாவது அந்தப் 'பயமறியா'.

ஒரு நாள் கடைசி பஸ்ஸில் இறங்கி மூன்று பேர் லயத்துக்கு நடந்தோம். மூடுபனி, கரண்ட் இல்லை, அவர்கள் போனில் சார்ஜ் இல்லை. கூட வந்த இரண்டு பேரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பீலித் தண்ணீர் இடப்பக்கம் கேட்டால் படிக்கட்டு, அதிலிருந்து நாற்பத்தியிரண்டு எட்டு வைத்தால் கோயில் திருப்பம். நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி நடந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரே பயம்: இன்றைக்குக் காலையில் யாராவது புதிதாகக் கான் வெட்டியிருந்தால்? பழைய குழி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். நான் பயப்படுவது புதுக் குழிக்கு. பிரம்பு ஒவ்வொரு தடவையும் அதைத்தான் தேடுகிறது.

இவ்வளவு குறை இருந்தும் 2015 இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த தொடரை விடவில்லை. முதலில் அதை ஒலி விவரணை (காட்சியில் நடப்பதைக் குரலில் சொல்வது) இல்லாமலே வெளியிட்டார்கள். பார்வையற்ற ஹீரோவின் தொடரைப் பார்வையற்றவர்கள் பின்தொடர முடியாது! ரசிகர்கள் சத்தம் போட்டார்கள், சில நாட்களிலேயே சேர்த்தார்கள். நெட்ஃப்ளிக்ஸில் விவரணை தொடங்கியதே அந்தத் தொடரில்தான். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு நடைபாதைச் சண்டை வரும். அதில் அவன் களைத்துப்போய்ச் சுவரில் சாய்கிறான், மூச்சு வாங்குகிறான், தள்ளாடிக்கொண்டு திரும்பவும் போகிறான். அந்த மூச்சை இயர்போனில் கேட்டபோது அட்டையில் போட்டது பொய் என்று எனக்குப் புரிந்தது. மனிதனுக்குப் பயம் இருக்கிறது.

சிங்கமலைச் சுரங்கம் (இரவு 7.58)

அண்ணா, அந்தச் சுவரில் சாய்கிற ஆள் காமிக்ஸிலேயே இருந்தார். 1965 இல் ஏழாவது இதழ். மஞ்சள் உடையை மாற்றி முதல்முறை சிவப்பு உடுத்தியது அதில்தான். எதிரில் கடலரசன் நேமர். பலத்தில் யானையும் எலியும். ஜெயிக்க வழியே இல்லை, அடி வாங்கிக்கொண்டே இருக்கிறார், விழுகிறார், எழும்புகிறார். கடைசியில் தோற்றுத்தான் போகிறார். நேமரே அவரை மதிக்கிறார். வாலி வுட் வரைந்தது, பக்கங்கள் அப்படி இருக்கும்.

வெண்பிரம்பு (இரவு 8.06)

பக்கங்கள் அப்படி இருக்கும் என்றால் எப்படி?

தொடருக்கு விவரணை இருக்கிறது, நாவலுக்குத் திரைவாசிப்பான் இருக்கிறது. காமிக்ஸுக்கு எனக்கு ஒன்றுமில்லை. மாயாவியை நான் பதினொரு வயது வரைக்கும்தான் பார்த்தேன். அந்தக் கை மிதப்பது நினைவிருக்கிறது, கதை மறந்துவிட்டது.

மிலாறுக்கட்டு (இரவு 8.20)

கரையான் மிச்சம் வைத்தது என்னிடம் இருக்கிறது. மகன் வாசிக்கிறேன் என்கிறான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டுமா? தினம் நான்கு பக்கம்.

வெண்பிரம்பு (இரவு 8.22)

அனுப்புங்கள். இப்பவே.

வெண்பிரம்பு (இரவு 9.47)

முதல் நான்கு பக்கமும் கேட்டேன். தம்பியிடம் சொல்லுங்கள், வசனம் நன்றாக வாசிக்கிறார். ஆனால் மூன்றாம் பக்கத்தில் "அப்புறம் ஒரு பெரிய வெடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வெடித்தபோது கிராண்டல் எந்தப் பக்கம் நின்றார்? கை எங்கே இருந்தது? முகம்?

மிலாறுக்கட்டு (இரவு 9.55)

"படத்தில் புகைதான் இருக்கிறது, முகம் தெரியவில்லை" என்கிறான். திரும்பவும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டோர்ச் எடுத்து வரப் போயிருக்கிறான், எங்களுக்கு இப்போது கரண்ட் இல்லை.